வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் இருந்த பலகை

போன மாதம் கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த மீன்வளத் துறை அமலாக்கப் பிரிவில் இப்போது இருக்கும் இளம் அதிகாரி அவள். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு வாழைக்காய் கிடந்தது. கைப்பேசியை அதன்மேல் காட்டி, நீளம் இவ்வளவு என்று சொன்னாள். இனிமேல் ஆற்றங்கரையில் மீனை இப்படித்தான் அளக்கப் போகிறார்களாம். படம் எடுத்தால் போதும், அளவுப் பலகை வேண்டாமாம். அந்தக் காலத்தில் நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் அங்கிள், புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தலையை ஆட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மீன் அளந்த கதையை எழுதினால் என்னோடு வேலை பார்த்த நஸீரைப் பற்றித்தான் பாதிக்கு மேல் எழுத வேண்டியிருக்கும் என்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. எனவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்கு நஸீர்மேல் பொறாமை. அவனும் நானும் ஓய்வு பெற்றுவிட்டோம், அது மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பொறாமையெல்லாம் வயதான பிறகு தானாகப் போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு நல்ல போட்டி அமையவில்லை என்று அர்த்தம்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆற்றிலும் அணையிலும் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைகளிலும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்கள் குறிவைப்பது சோற்றுக்கு வாங்கும் மீனை அல்ல. தூண்டிலைக் கவ்வியதும் கையை முறுக்கிச் சண்டை போடும் மீனைத்தான் தேடிப் போவார்கள். உடம்பின் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட செபாராவ் அப்படி ஒரு மீன். வாளியைக் கவிழ்த்த மாதிரி தலை உள்ள தொமான் இன்னொன்று. இந்த மீன்களை எங்கள் எல்லைக்குள் பிடிக்க உரிமச் சீட்டு வேண்டும். குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஒரு சீட்டுக்கு இத்தனை மீன்தான் என்ற கணக்கும் உண்டு. இவை மீறப்படாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. "மீன் பிடிக்கிறவனைப் பிடிக்கிற வேலையா?" என்று என் மாமனார் நான் பெண் பார்க்கப் போன அன்றே கேட்டார். ஆமாம் என்றேன். அரசாங்க வேலைதானே என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு பெண்ணைக் கொடுத்தார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டம் படித்தோம், மீன்களின் பெயர்களை மலாயிலும் இலத்தீனிலும் மனப்பாடம் செய்தோம், படகு ஓட்டக் கற்றோம். நான் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தேன். நஸீர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான். அதற்குப் பிறகு நான் எதிலும் அவனை முந்தியதாக நினைவில்லை.

நஸீரின் குடும்பத்துக்குக் கிள்ளானில் துணிக்கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த அவன் தாத்தா ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்தே கடையில் நின்று கைலித் துணியும் பாவாடைத் துணியும் அளந்து வெட்டிக் கொடுத்த கை அவனுடையது. என் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. ரயில்வேயிலும் கருவூலத்திலும் தலைமுறை தலைமுறையாக எழுத்து வேலை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் அளந்ததில்லை, அளந்தவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். என் முழுப்பெயர் குலசிங்கம். எல்லாரும் குலா என்பார்கள். நஸீர் மட்டும் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு "சிங்கம்" என்பான். அவன் அப்படிக் கூப்பிடும்போது கரையில் நிற்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

எங்கள் குழுத் தலைவர் ஹாஷிம்; துவான், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். காப்பார் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த மலாய்க்காரர், ஆகவே எங்களோடு தமிழிலேயே பேசுவார், திட்டுவதும் தமிழில்தான். ஒல்லியான மனிதர், தே-ஓ என்கிற பால் சேர்க்காத தேநீரைச் சீனியும் போடாமல் குடிப்பார், ஆற்றங்கரைக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்வார். எந்த அதிகாரியிடமும் நான் பார்க்காத ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. நாங்கள் மீனை அளக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதற்காக. அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னதும் திரும்பி, பலகையை வாங்கி, அதே மீனைத் தானே அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால் ஒன்றும் பேச மாட்டார். ஒத்துப்போகாவிட்டால் "மறுபடி" என்று ஒரே ஒரு வார்த்தை.

அளப்பது சுலபம் என்று நினைப்பார்கள். பலகையின் ஒரு முனையில் நிமிர்ந்த தடுப்பு இருக்கும், நடுவே பித்தளை அளவுகோல் பதித்திருக்கும். முதலில் பலகையை ஆற்றுத் தண்ணீரில் நனைக்க வேண்டும், கையையும் நனைக்க வேண்டும். காய்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்பு போய்விடும், பிறகு அதைத் தண்ணீரில் விட்டாலும் நோய் வந்து செத்துப்போகும். மீனைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயை மூடி, மூக்கு தடுப்பில் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் அளவு கூடிவிடும், தூண்டில்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள். வாலின் இரண்டு இதழ்களையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்து, நேர் மேலிருந்து பார்த்து அளவைச் சொல்ல வேண்டும். சாய்வாகப் பார்த்தால் ஒரு கோடு மாறிவிடும். இவ்வளவையும் மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போதே செய்து, அது மூச்சு திணறுவதற்குள் தண்ணீருக்குள் விட்டுவிட வேண்டும்.

நஸீர் கையில் மீன் துள்ளாது. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடிவயிற்றில் ஒரு கையைக் கொடுத்து ஏந்துவான், அது தூக்கத்தில் இருக்கிற மாதிரி படுத்திருக்கும். என் கையில் வந்தால் வாலால் என் முகத்தில் அடிக்கும். அவன் சொல்லும் அளவும் துவானின் அளவும் எப்போதும் ஒன்றாக இருக்கும். என்னுடையது ஒரு கோடு தள்ளி நிற்கும், "மறுபடி" விழும். சில வாரங்களில் யாரும் உத்தரவு போடாமலே பலகை நஸீருடையது என்று ஆகிவிட்டது. அவன் அளப்பான், துவான் சரிபார்ப்பார், நான் எழுதுவேன். பயிற்சியில் முதலாவதாக வந்தவன், கருவூலக் கணக்கர் பேரன், மறுபடியும் எழுத வந்துவிட்டேன்.

பலகைமேல் எனக்கு என்ன அவ்வளவு ஆசை என்று என் மனைவி ராஜி பலமுறை கேட்டிருக்கிறாள். சாதாரண மரத்துண்டுதான். ஆனால் கரையில் கூட்டம் கூடினால் எல்லார் கண்ணும் அந்தப் பலகைமேல்தான் இருக்கும். பிடித்தவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான், பக்கத்தில் இருப்பவன் கழுத்தை நீட்டுவான். அந்த நேரத்தில் அதைப் பிடித்திருப்பவன்தான் சட்டம். எழுதுகிறவனை யாரும் பார்ப்பதில்லை.

ஒருமுறை செமினிக்கு மேலே ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் உல்லாசமாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வாளியில் கணக்குக்கு மேல் செபாராவ். இரண்டு பேரிடமும் சீட்டு இருந்தது, அப்படியும் மீன் அதிகம். அந்த மனிதர் கொஞ்சமும் கூசாமல், மிச்சமெல்லாம் குழந்தை பிடித்தது என்றார். நான் சம்மன் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். நஸீர் என்னைக் கையமர்த்திவிட்டு, குழந்தையின் முன்னால் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "பொஸ், உங்க லைசென்ஸைக் கொஞ்சம் காட்டுங்க" என்றான். குழந்தை அவன் தொப்பியைப் பிடித்து இழுத்தது. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பிறகு அப்பாவும் சிரித்தார், தானே எழுந்து கூடுதல் மீனையெல்லாம் ஆற்றில் விட்டார். போகும்போது நஸீரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். விதி காப்பாற்றப்பட்டது, மீனும் பிழைத்தது, யாருக்கும் மனம் நோகவில்லை. எனக்கு மட்டும் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்த வேடிக்கை எனக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் நான் சொன்னால் குழந்தை அழுதிருக்கும்.

இப்படி இருந்த எனக்கு வாரத்தில் ஒரு நல்ல நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் துவானும் நஸீரும் ஜும்மாத் தொழுகைக்குச் செமினிப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஓட்டுநர்தான் வண்டியில் கூட்டிப்போவார். அவர்கள் திரும்பும்வரை ஆற்றுப் பாதையின் வாயிலில் நான் தனியாக இருப்பேன். போகும்போது நஸீர் பலகையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் அமலாக்கக்காரர்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. ஆகவே மற்ற நாளில் ஒழுங்காக இருக்கிறவன்கூட அன்று சின்ன மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அந்த நேரம் பார்த்து வெளியே வருவான். பாதை வாயிலில் நெற்றியில் திருநீற்றோடு நான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "என்ன அண்ணே, நீங்க போகலையா?" என்று ஒருவன் வாய்விட்டே கேட்டிருக்கிறான். நான் திங்கட்கிழமை சிவன் கோயிலுக்குப் போவேன் தம்பி என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியைத் திறந்தேன். அந்த நேரத்தில் நான் பிடித்த வழக்குகள் மற்ற நாட்களில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்ததற்குக் குறைந்ததல்ல. தொழுகை முடிந்து வரும் நஸீர் முதலில் என் பக்கத்தில் அடுக்கியிருக்கும் மீனைப் பார்ப்பான். பிறகுதான் என்னைப் பார்ப்பான்.

துவான் ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி வந்தது அப்போதுதான். அவர் இடத்துக்கு எங்கள் இரண்டு பேரில் ஒருவரை அவரே பரிந்துரைப்பார் என்றும் தெரிந்தது. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று வெறி பிடித்தது. சம்பளத்துக்காக அல்ல. தலைவர்தான் கடைசியாக அளப்பவர். அந்த இடம் வந்தால் நஸீர் அளந்த மீனை நான் சரிபார்ப்பேன், பலகை வாரம் முழுவதும் என் கைக்கு வரும். இதுதான் என் கணக்கு.

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் செல்வம் வந்தார். செமினியில் செடி வளர்த்து விற்கும் தோட்டம் வைத்திருந்தவர், அமைதியான ஆள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி. திறந்தால் ஒரே ஒரு செபாராவ், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே விறைத்துப்போய்க் கிடந்தது. நனைத்தேன், வாயை மூடினேன், வாலைச் சேர்த்தேன், நேர் மேலிருந்து பார்த்தேன். விதியில் உள்ள அளவுக்கு அரை விரற்கடை குறைவு.

செல்வம் பதறவில்லை. தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, காலையில தண்ணியிலேர்ந்து எடுத்தப்ப நானே அளந்தேன், சரியா இருந்துச்சு. இல்லாட்டி விட்டிருப்பேன். ஐஸ்ல கெடந்து சுருங்கிப் போச்சு" என்றார்.

இந்த வேலையில் கேட்காத கதை இல்லை. மீன் தானாகப் பெட்டிக்குள் குதித்தது என்று சொன்னவனையும் பார்த்திருக்கிறேன். ஐஸில் சுருங்கும் மீன் புதுக்கதையாக இருந்தது, அவ்வளவுதான். மீனைப் பறிமுதல் செய்து, வழக்கு எழுதினேன். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்குமா என்று செல்வம் கேட்டார். போக வேண்டியிருக்கும் என்றேன். அரசாங்கப் பூங்காவுக்குச் செடி கொடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், பேரில் வழக்கு இருந்தால் அது கிடைக்காது என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சிறிது நேரத்தில் வண்டி வந்தது. துவான் இறங்கி, செருப்பை மாற்றிக்கொண்டு, முதுகைத் திருப்பினார். நான் மறுபடி அளந்து சத்தமாகச் சொன்னேன். அவர் திரும்பி அளந்தார். ஒன்றும் பேசவில்லை. நான் முதலில் சொன்ன அளவையே அவர் "மறுபடி" இல்லாமல் ஏற்றுக்கொண்டது அதுவே முதல்முறை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, அந்தப் பதவி அப்போதே கைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தை நஸீர் கெடுத்தான். மீனைக் குனிந்து பார்த்தான். பிறகு செல்வத்தைப் பார்த்தான். மறுபடி மீனைப் பார்த்தான். எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள் என்று செல்வத்தைக் கேட்டான். விடிந்ததும் என்று அவர் சொன்னார். நஸீர் "ம்" என்றான். பிறகு வண்டியில் வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்தும் அந்த "ம்" என்னை விடவில்லை. இவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. துணி அளந்த வீட்டுக்காரன், நனைத்தால் எந்தத் துணி சுருங்கும் என்று பார்த்தே சொல்கிறவன். மீனும் சுருங்கும் என்று கண்டுபிடித்துவிட்டான். திங்கட்கிழமை காலை துவானிடம் போய்ச் சாதாரணமாகச் சொல்லப் போகிறான், எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள், என் வழக்கு போகும், பதவியும் போகும். இப்படியே நினைத்து நினைத்து எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. ராஜி கேட்டாள், விஷயத்தைச் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அது சுருங்குமா சுருங்காதா என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், நஸீருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றாள். பொறாமைக்காரனோடு குடும்பம் நடத்தியவள், மருந்து எது என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் கிள்ளான் மீன் பாசாருக்குப் போனேன். உயிரோடு செபாராவ் கிடைக்காது, ஆனால் அதற்குத் தூரத்துச் சொந்தமான லம்பாம் மீன் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது. பெரிதாக மூன்று வாங்கினேன். அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் பலகையை எடுத்து வந்திருந்தேன். குளியலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உயிரோடு அளந்தேன். பிறகு ஐஸ் பெட்டியில், செல்வம் வைத்திருந்த மாதிரியே, கட்டிகளுக்கு நடுவே வைத்தேன். மத்தியானம் வரைக்கும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுருங்கக் கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

மூன்றும் சுருங்கியிருந்தன. ஏறக்குறைய செல்வத்தின் மீனில் குறைந்த அளவுதான். ஒன்றில் கொஞ்சம் அதிகமாகவே. நான் வாலை இறுக்கிப் பிடிக்கிறேனோ என்று தளர்த்தியும் அளந்தேன். மாறவில்லை.

என் வாழ்க்கையில் துவான் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்ட ஒரே அளவு அது. அதை நானே போய்த் தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கலாம்தான், செல்வம் சொன்னதை யார் நம்பப் போகிறார்கள். ஆனால் நஸீருக்குத் தெரியும். அவன் சொல்லித்தான் அது வெளியே வர வேண்டுமா? அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. நியாயம், நேர்மை எல்லாம் அன்று எனக்குப் பின்னால்தான் வந்தன. முன்னால் வந்தது அவனை முந்த வேண்டும் என்பதுதான்.

திங்கட்கிழமை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். துவான் வந்ததும் மூன்று மீனையும் பலகையையும் அவர் மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு "மறுபடி" என்றார். ஆள் அனுப்பி உயிரோடு மீன் வாங்கி வரச் செய்து, அவர் கண் முன்னால் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யச் சொன்னார். அன்று முழுவதும் அந்த அறையில் மீன் வாடை. சாயங்காலம் என் அளவும் அவர் அளவும் ஒன்றாகவே இருந்தன. வழக்கை எடுத்துவிடலாம் என்றார். இனிமேல் ஐஸ் பெட்டியில் வரும் மீனுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுக்க வேண்டும், முடிந்தவரை கரையிலேயே உயிரோடு அளக்க வேண்டும் என்று எங்கள் குழுவுக்குப் பழக்கமானது அன்றைக்குத்தான். செல்வத்துக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை. நான்தான் அன்னிக்கே சொன்னேனே அண்ணே என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்தபோது நஸீர் நடைபாதையில் நின்றிருந்தான். நான் சற்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நீ சொல்றதுக்குள்ள நானே சொல்லிட்டேன். மீன் சுருங்கும்னு வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும், இல்ல?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "எனக்கெப்படிப்பா தெரியும்? அந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சிட்டிருந்தேன். வண்டியில வர்றப்பதான் ஞாபகம் வந்துச்சு. தீபாவளிக்கு நம்ம கடையில சேலை எடுக்க வருவாரு லா."

இல்லாத ஒன்றுக்குப் பொறாமைப்பட்டு, இரண்டு நாள் தூக்கம் கெட்டு, மூன்று லம்பாமைக் கொன்று, என் வழக்கை நானே குழி தோண்டிப் புதைத்திருந்தேன்.

ஆனால் பதவி எனக்குத்தான் வந்தது. துவான் ஒரு காரணமும் சொல்லவில்லை. கையைக் குலுக்கினார், அவ்வளவுதான். அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ராஜி லட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். நஸீரைத் தோற்கடித்துவிட்டேன் என்று நான் வெளியே சொல்லவில்லை, லட்டு சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் என் கணக்கு பிசகியது தெரிந்தது. துவான் காலத்தோடு அந்த முறை முடிந்துபோனது. புதிய ஏற்பாட்டில் குழுத் தலைவருக்கு ஷா ஆலம் தலைமை அலுவலகத்தில் அறை, மேசை, குளிர்சாதனம். கூட்டம், அறிக்கை, மறுபடி கூட்டம். ஆற்றுக்குப் போவதென்றால் யாராவது பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போய் நிழற்படம் எடுத்துக்கொள்ளத்தான். அப்படிப் போகும்போதெல்லாம் நஸீர் கரையில் முட்டி போட்டு, மீனை ஏந்திப் பலகையில் வைத்துக்கொண்டிருப்பான், கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். நான் பளபளப்பான சப்பாத்து போட்டுக்கொண்டு பின்னால் நிற்பேன். இங்கே கொடு, நான் அளக்கிறேன் என்று உத்தரவு போடலாம். போட்டால் கொடுத்துவிடுவான், சுற்றி நிற்பவர்களும் ஒதுங்கி வழிவிடுவார்கள். உத்தரவு போட்டு வாங்கும் பலகை எனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியங்களும் போயின. அந்த நேரத்தில் இப்போது அறிக்கை படித்துக்கொண்டிருந்தேன்.

நஸீர் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றான். அவனுக்கு அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தோம். துவான் ஹாஷிம் தடியூன்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் எழுந்து நின்று, வழக்கம்போல உணர்ச்சியே இல்லாமல் சொன்னார்: "குலா உட்கார்ந்திருக்கிற நாற்காலிய நான் மொதல்ல நஸீருக்குத்தான் கொடுத்தேன். வேணாம்னுட்டான். குலாவுக்குக் கொடுங்க துவான், ரொம்ப நாளா ஆசைப்படறான்னு சொன்னான். அப்படிப்பட்ட ஆளு."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நான் ஜெயித்ததாக நினைத்திருந்த ஒரே ஒரு இடமும் அவன் வேண்டாம் என்று மிச்சம் வைத்தது.

விருந்து முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் அவனைப் பிடித்தேன். ஏன் வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

நஸீர் திறந்த கார்க் கதவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினான். "எனக்கு எதுக்கு நாற்காலி? உனக்குத்தான் அதுமேல கண்ணு இருந்துச்சு. நான் அளக்கறப்பல்லாம் என்னையே பார்த்துட்டு நிப்பே. பதவிய நான் எடுத்துக்குவேன்னு நீ பயப்படறதா நெனச்சேன்."

"நான் உன்னையா பார்த்தேன்? பலகையைப் பார்த்தேன். அதுதான் எனக்கு வேணும். சேர்ந்த நாள்லேர்ந்து."

இதை அதற்கு முன்னால் ராஜியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து, "ஏன் சிங்கம், ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பேனே" என்றான்.

கொடுத்திருப்பான்தான். எழுதுகிற இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, நான் அளவு சொல்லச் சொல்ல எழுதியிருப்பான், அதையும் சந்தோஷமாகச் செய்திருப்பான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அவனுடைய கை, பேச்சு, கூட்டம் எல்லாவற்றின் மேலும் எனக்கு இருந்த பொறாமையை எப்படியோ சமாளித்துவிட்டேன். கேட்டால் கொடுத்துவிடுகிற அவனுடைய இந்த மனசை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.